பெட்டியைத் திறக்காமல், விற்றவரை நம்பாமல் குவாண்டம் கருவியைச் சோதிக்க முடியுமா?

#1 காட்பாடி_லேப்

எல்லாருக்கும் வணக்கம். காட்பாடி பக்கம் ஒரு கல்லூரி இயற்பியல் துறைக்கு இரண்டு கருவி வாங்கும் பேச்சு நடக்கிறது. முதலாவது, பின்னிய போட்டான் ஜோடி (பிரித்து வைத்தாலும் அளவைகளில் தொடர்பு காட்டும் இரண்டு ஒளித்துகள்) தரும் மேசைக் கருவி: 405 நானோமீட்டர் டயோடு லேசர், ஒன்றுக்கொன்று 90 பாகை திருப்பி ஒட்டிய இரண்டு பிபிஓ படிகம், 810 நானோமீட்டரில் ஜோடி, இரண்டு பக்கமும் அரை அலைத் தகடு (ஒளியின் துருவத்தைத் திருப்புவது), துருவப் பிரிப்பான், சிலிக்கான் டிடெக்டர். இரண்டாவது, யூஎஸ்பியில் செருகும் குவாண்டம் ரேண்டம் எண் பெட்டி.

இரண்டுக்கும் சான்றிதழ் கொடுக்கிறார்கள். முதலாவதில் "எஸ் = 2.61" என்று இருக்கிறது. இரண்டாவதில் புள்ளியியல் சோதனைகள் எல்லாவற்றிலும் தேர்ச்சி. கொள்முதல் குழுவில் ஒருவர் கேட்டார்: உள்ளே நடப்பது குவாண்டம்தான் என்று, பெட்டியைத் திறக்காமல், அவர்கள் தரும் அளவுகளையும் நம்பாமல், நாமே எப்படிச் சொல்வது? திறந்தால் வாரண்டி போய்விடும். இதற்கு என்ன பதில் எழுதுவது?

#2 பாலாற்றங்கரை

ரேண்டம் பெட்டியை முதலில் முடித்துவிடலாம், அதில் பேச அதிகம் இல்லை. வெளியே வரும் பிட்டுகளை மட்டும் பார்த்து, அவை குவாண்டத்தில் பிறந்தவையா என்று யாராலும் சொல்ல முடியாது. உள்ளே ஒரு சின்ன சிப், ஏஇஎஸ் முறையில் 1, 2, 3 என்று எண்ணிக்கொண்டே மறையாக்கம் செய்து துப்பினாலும் எல்லாச் சோதனையும் தேறிவிடும். சாவி விற்றவர் கையில் இருக்கும். இன்னும் மோசம்: உண்மையான குவாண்டம் எண்களையே ஒரு மெமரி கார்டில் பதிந்து வைத்து வாசித்தால்? எண்கள் அப்பழுக்கில்லாதவை, ஆனால் நகல் இன்னொருவரிடம் இருக்கிறது. புள்ளியியல் சோதனை பழுதான பெட்டியைப் பிடிக்கும். பொய் சொல்லும் பெட்டியைப் பிடிக்காது.

பிடிக்க வேண்டுமென்றால் இரண்டு பெட்டி வேண்டும், இரண்டும் பேசிக்கொள்ளக் கூடாது. காட்பாடி ஸ்டேஷனில் ஒருவரையும் பாகாயத்தில் ஒருவரையும் தனித்தனி அறையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பது போல. ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கு ஒரு கேள்வி, 0 அல்லது 1, நாணயம் சுண்டி எடுத்தது. ஆளுக்கு ஒரு பதில், 0 அல்லது 1. இருவருக்கும் கேள்வி 1 என்றால் பதில்கள் வேறாக இருக்க வேண்டும், மற்ற மூன்று நிலையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்கூட்டி எவ்வளவு பேசி வைத்துக்கொண்டு வந்தாலும் சராசரியாக 75 சதவீதத்துக்கு மேல் ஜெயிக்க முடியாது. நான்கு நிலையில் ஒன்றில் தோற்றே ஆக வேண்டும். பின்னிய ஜோடியைப் பகிர்ந்துகொண்டவர்கள் 85.36 சதவீதம் வரை போகலாம். 1964இல் இயற்பியலாளர் ஜான் பெல் சொன்னதை 1969இல் கிளௌசர், ஹார்ன், ஷிமோனி, ஹோல்ட் ஆய்வகத்தில் அளக்கும்படி மாற்றினார்கள். சான்றிதழில் இருக்கும் எஸ் அதிலிருந்து வருவதுதான். ஜெயிக்கும் விகிதம் = 1/2 + எஸ்/8. எஸ் 2 என்றால் 75 சதவீதம், எஸ் 2.828 என்றால் 85.36.

இதில் போட்டான் என்ன, லேசர் என்ன, டிடெக்டர் எந்தக் கம்பெனி என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள். கேள்வி, பதில், எண்ணிக்கை, அவ்வளவுதான். கருவியை நம்பாமல் கருவியைச் சோதிக்கும் வழி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

#3 சிப்காட்_சோதனையாளர்

உங்கள் மேசைக் கருவிக்குக் கோணங்கள்: ஒரு பக்கம் துருவக் கோணம் 0, 45. மறுபக்கம் 22.5, 67.5. தகட்டை அதில் பாதிதான் திருப்ப வேண்டும்: 0, 22.5 ஒரு பக்கம், 11.25, 33.75 மறுபக்கம். தகட்டுக் கோணத்தையும் துருவக் கோணத்தையும் குழப்பிக்கொண்டு முழுக் கோணம் திருப்பினால் எஸ் 2க்குக் கீழே வரும், பிறகு படிகத்தைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

நான்கு கோண ஜோடிக்கும் தொடர்பெண் எடுக்க வேண்டும்: (ஒத்த பதில் − ஒவ்வாத பதில்) / மொத்தம். 0உடன் 67.5 வருவதை மட்டும் கழிக்க வேண்டும், மற்ற மூன்றையும் கூட்ட வேண்டும். கோண ஜோடிக்கு 1,000 எண்ணிக்கை எடுத்தால் எஸ்-இல் பிழை 0.045 அளவு இருக்கும். 10,000 எடுத்தால் 0.014.

நம்ம ஊர் வெயிலில் ஒரு விஷயம். நேர்க்கோணத்தில், அதாவது 0, 90 அடிப்படையில் காட்சித் தெளிவு (ஜோடியின் தொடர்பு எவ்வளவு கூர்மை என்ற அளவு, அதிகபட்சம் 1) நன்றாகவே நிற்கும். அறைச் சூடு ஏறினால் டயோடு லேசரின் அலைநீளம் நகர்ந்து, இரண்டு படிகத்துக்கும் இடையே உள்ள கட்ட வித்தியாசம் மாறி, 45 பாகை அடிப்படையில் ஒண்டி தெளிவு விழும். எஸ் = √2 × (முதல் தெளிவு + இரண்டாம் தெளிவு). 0.98, 0.85 என்றால் 2.59. எனவே எஸ் குறைந்தால் முதலில் இரண்டு தெளிவையும் தனித்தனியே அளந்து பாருங்கள். இரண்டும் சேர்ந்து விழுந்தால் பின்னணி வெளிச்சம் அல்லது தற்செயல் க்ளிக். 45 பாகையில் மட்டும் விழுந்தால் கட்ட வித்தியாசம். டிடெக்டரின் குளிர்விப்பானும் சித்திரை வைகாசியில் திணறும், இருட்டு எண்ணிக்கை (ஒளி இல்லாமலே விழும் க்ளிக்) கூடும். ஏசி போட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அளவெடுக்க வேண்டும்.

#4 காட்பாடி_லேப்

நன்றி சார். அப்படியென்றால் நாங்களே இந்தக் கோணங்களில் எடுத்து 2.61 வந்துவிட்டால், பெட்டி குவாண்டம்தான் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா?

#5 ஆரணி_பட்டு

எழுதாதீர்கள் தம்பி. 2.61 என்ற எண் எப்படி வந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மேசைக் கருவிகளில் இரண்டு பக்கமும் க்ளிக் விழுந்த சுற்றுகளை மட்டும் எடுத்துக் கணக்குப் போடுவார்கள். ஒரு பக்கம் மட்டும் விழுந்ததையும், எதுவும் விழாததையும் தூக்கி எறிந்துவிடுவார்கள். அந்தக் கருவியை ஒரு துளி குவாண்டமும் இல்லாமல் இப்படிப் போலி செய்யலாம்:

இரண்டு பெட்டிக்குள்ளும் ஒரே ரேண்டம் பட்டியல். ஒவ்வொரு சுற்றுக்கும் அதில் ஒரு ஊகம் இருக்கும்: "இந்தச் சுற்றில் இரண்டாவது பெட்டிக்கு இன்ன கேள்வி வரும்." இரண்டாவது பெட்டி, வந்த கேள்வி ஊகத்தோடு ஒத்துப்போனால் 0 என்று பதில் சொல்லும். ஒத்துப்போகாவிட்டால் வாயைத் திறக்காது, "போட்டான் தொலைந்துவிட்டது" என்று பாவனை. முதல் பெட்டி, தன் கேள்வியையும் ஊகத்தையும் பெருக்கிப் பதிலாகத் தரும். இரண்டும் பதில் சொன்ன சுற்றுகளை மட்டும் எண்ணினால் வெற்றி 100 சதவீதம். எஸ் = 4. இயற்கையே 2.828க்கு மேல் போகாது, இந்தப் போலி 4 காட்டும். சந்தேகம் வராமலிருக்க, 17.4 சதவீதச் சுற்றுகளில் வேண்டுமென்றே தப்புப் பதில் சொல்ல வைத்தால் எஸ் சரியாக 2.61 வரும். உங்கள் சான்றிதழில் இருக்கும் அதே எண்.

இரண்டாவது பெட்டி பாதிச் சுற்றில் மௌனம் என்பது கண்ணை உறுத்தினால், மௌனம் காக்கும் வேலையைப் பெட்டிகள் மாற்றி மாற்றிச் செய்யலாம். அப்போது ஒவ்வொன்றும் 75 சதவீதச் சுற்றில் பதில் சொல்லும். மேசைக் கருவி அதைவிடக் குறைவாகத்தான் பதில் சொல்லும்: இழையில் சேர்வது 80 சதவீதம், டிடெக்டர் 65 சதவீதம் என்று தாராளமாகவே வைத்தாலும் பெருக்கினால் 52 தான்.

இதற்கு மருந்து, மௌனத்தையும் பதிலாக எண்ணுவது. க்ளிக் இல்லையென்றால் 0 என்று எழுது. மேலே சொன்ன போலி அந்த நொடியே சரியாக 75க்கு வந்து நிற்கும்: முதல் கேள்வி 0 என்றால் எப்போதும் வெற்றி, 1 என்றால் பாதி வெற்றி. ஒரு இம்மி கூட மேலே போகாது.

#6 குடியாத்தம்_மாணவி

அக்கா, இதைப் பைத்தானில் பத்துப் பன்னிரண்டு வரியில் எழுதிவிடலாம். எழுதி ஓட்டினால் நீங்கள் சொன்னபடியே வருகிறது: ஜோடியை மட்டும் எண்ணினால் 1.0, எல்லாவற்றையும் எண்ணினால் 0.75ஐ ஒட்டி. ஒரு கேள்வி. நேர்மையான குவாண்டம் கருவியிலும் மௌனத்தை 0 என்று எண்ணினால் அதன் மதிப்பெண்ணும் குறையுமே?

#7 ஆரணி_பட்டு

குறையும், நன்றாகவே குறையும். திறன், அதாவது பெட்டி பதில் சொல்லும் சுற்றுகளின் பங்கு, இரு பக்கமும் ஒரே அளவு என்று வைத்தால்:

எஸ் = 2.828 × திறன்² + 2 × (1 − திறன்)²

இரண்டும் க்ளிக் ஆனால் முழு மதிப்பு, இரண்டும் மௌனமானால் இரண்டும் 0 என்பதால் 2, ஒன்று மட்டும் க்ளிக் ஆனால் சராசரி பூஜ்யம். திறன் 0.9 என்றால் எஸ் 2.31. திறன் 0.6 என்றால் 1.34. 2ஐத் தாண்ட 0.828 வேண்டும். முழுமையாகப் பின்னாத, ஒரு பக்கம் சாய்ந்த நிலையைப் பயன்படுத்தினால் 2/3 வரை இறங்கலாம் என்று 1993இல் எபர்ஹார்ட் காட்டினார். ஆனால் அங்கே மீறல் மயிரிழைதான், இருட்டு எண்ணிக்கை கொஞ்சம் இருந்தாலும் அடிபட்டுப் போகும்.

2015இல்தான் முக்கியமான ஓட்டைகளை, அதாவது பெட்டிகள் மௌனம் காத்தோ பேசிக்கொண்டோ ஏமாற்றும் வழிகளை, ஒரே சோதனையில் அடைத்தார்கள்: டெல்ஃப்ட், வியன்னா, போல்டர் என்று மூன்று இடத்தில். வியன்னாவும் போல்டரும் மீகடத்தி டிடெக்டரும் எபர்ஹார்ட் வழியும். டெல்ஃப்டில் வைரத்துக்குள் இருக்கும் எலக்ட்ரான்களை 1.3 கிலோமீட்டர் தள்ளி வைத்து, "ஜோடி பின்னிக்கொண்டது" என்று, கேள்வி தெரியாத நடுவிடத்தில் பதிவான சுற்றுகளை மட்டுமே எண்ணினார்கள். போட்டான் வழியில் தொலைந்தால் அது சுற்றே இல்லை என்று அர்த்தம், அதனால் தொலைந்தது கணக்கில் வராது. எண்ணிய சுற்றில் எலக்ட்ரான் பதில் சொல்லாமல் போவதில்லை. எனக்கு இந்த வழிதான் பிடிக்கும், கணக்கு சுத்தம்.

#8 சிப்காட்_சோதனையாளர்

அம்மா சொல்வது சரி. ஆனால் 60 சதவீத டிடெக்டர் வைத்த கருவியே வீண் என்று துறையில் யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. மாணவர்களுக்குப் படிப்பிக்க அதைவிட நல்ல கருவி கிடையாது. சான்றிதழில் எதை எழுதுகிறோம் என்பதுதான் விஷயம். "விழுந்த க்ளிக்குகள் விழாதவற்றுக்கும் நேர்மையான மாதிரி என்று ஏற்றுக்கொண்டால், எஸ் = 2.61" என்று எழுதலாம். அந்த ஏற்பு, விற்றவர் ஏமாற்றவில்லை என்ற நம்பிக்கையேதான். கருவி பழுதில்லை என்று காட்ட இது போதும். கருவி பொய் சொல்லவில்லை என்று காட்டப் போதாது.

அந்த 2.61இல் இன்னும் இரண்டு இடம் பாருங்கள்.

ஒன்று, தற்செயல் ஜோடிகளைக் கழித்திருக்கிறார்களா? ஒரு பக்கம் நொடிக்கு 50,000 க்ளிக், மறுபக்கமும் 50,000, ஒரே ஜோடி என்று எண்ணும் கால ஜன்னல் 5 நானோ நொடி என்றால் நொடிக்கு 12.5 ஜோடி சும்மாவே வரும். அதைக் கழித்துவிட்டு எஸ் போடுவது பாடப் பரிசோதனையில் வழக்கம். நம்பாமல் சோதிக்கும்போது கழிக்கக் கூடாது. பெட்டி தந்த பதில் பதில்தான்.

இரண்டு, ஜன்னல். ஒரு க்ளிக் விழுந்ததும் அதைச் சுற்றி ஜன்னல் வைத்து மறுபக்கத்தில் தேடுவது பழக்கம். இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது: கேள்விக்குத் தக்கபடி பெட்டி பதிலைச் சற்றே முன்னோ பின்னோ தள்ளி, வேண்டாத ஜோடியை ஜன்னலுக்கு வெளியே அனுப்பிவிடும். 2004இல் லார்சனும் கில்லும் இதை எழுதினார்கள். மௌனம் சாதிப்பதைவிட இது சுலபமான மோசடி. எது ஒரு சுற்று என்பதைக் கடிகாரம் தீர்மானிக்க வேண்டும், க்ளிக் தீர்மானிக்கக் கூடாது.

#9 பாலாற்றங்கரை

கேள்விகள் எங்கிருந்து வருகின்றன என்பதை இன்னும் யாரும் தொடவில்லை. பெரும்பாலும் கருவியோடு வரும் மென்பொருளே கோணத்தைத் தேர்ந்தெடுக்கும். அதன் ரேண்டம் விதை கணினி தொடங்கிய நேரத்திலிருந்து எடுத்தது என்றால், பெட்டிக்குள் இருப்பவனுக்கும் அடுத்த கேள்வி தெரியும். தெரிந்துவிட்டால் மௌனம் காக்கவும் தேவையில்லை, எல்லாச் சுற்றிலும் பதில் சொல்லி எந்த எஸ் வேண்டுமோ அதைக் காட்டலாம். எனவே கேள்வி எண்கள் வேறு இடத்தில், வேறு ஆளால், வேறு கருவியில் உருவாக வேண்டும். இரண்டு மூன்று மூலங்களை எடுத்து ஹேஷ் செய்து (கலைத்துச் சுருக்கி) கலந்தால், அவற்றில் ஒன்றாவது நேர்மையாக இருந்தால் போதும்.

கேள்வி முழுக்கத் தெரிய வேண்டியதில்லை, கொஞ்சம் சாய்வு இருந்தாலே கணக்கு மாறும். பேசி வைத்துக்கொண்டவர்கள் நான்கு நிலையில் ஒன்றில் தோற்க வேண்டும் என்று சொன்னேன். குறைவாக வரும் நிலையைத் தோற்கத் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள். இரண்டு பக்கமும் கேள்வி பிட்டுகள் 49:51 என்று சாய்ந்திருந்தால், அரிதான நிலை 0.49 × 0.49 = 0.2401. அவர்கள் எல்லை 75 சதவீதத்திலிருந்து 75.99க்கு ஏறிவிடும். சின்ன விஷயம் மாதிரி தெரியும். 2023இல் ஜூரிச் ஈடிஎச் ஆய்வகம் 30 மீட்டர் குளிர்குழாயின் இரு முனையிலும் மீகடத்தி மின்சுற்று வைத்து ஓட்டையில்லாமல் பெற்ற எஸ் 2.0747, அதாவது 75.93 சதவீதம். 49:51 சாய்வு இருந்திருந்தால் அந்த முடிவு மொத்தமும் கரைந்திருக்கும். அதனால்தான் கேள்வி பிட்டின் தரத்துக்கு அவ்வளவு பாடுபடுகிறார்கள்.

இன்னொரு சங்கதி, நம் பக்கத்து மலைக்காகச் சொல்கிறேன். கேள்வியைத் தேர்வு செய்ய நட்சத்திர வெளிச்சத்தையே எடுத்திருக்கிறார்கள். வரும் போட்டான் சிவப்புப் பக்கமா நீலப் பக்கமா என்பதே கேள்வி பிட். 2017இல் வியன்னாவில் நம் பால்வழி நட்சத்திரங்கள். 2018இல் லா பால்மாவில் குவாசார்கள் (வெகு தொலைவில் மிகப் பிரகாசமாக ஒளிரும் விண்மீன் திரள் மையங்கள்), 780 கோடி ஆண்டுக்கு முன் கிளம்பிய ஒளி. அங்கே பயன்படுத்திய தொலைநோக்கிகளைப் போல நமக்கும் ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது, 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி. வட ஆர்க்காட்டு மலையிலிருந்து ஒரு நாள் அப்படி ஒரு சோதனை நடக்க வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

#10 குடியாத்தம்_மாணவி

எத்தனை சுற்று போதும் சார்? எஸ்-இன் பிழையைப் பார்த்து "இத்தனை சிக்மா" என்று எழுதினால் சரியா?

#11 பாலாற்றங்கரை

சிக்மா வேண்டாம் அம்மா. ஒவ்வொரு சுற்றும் மற்றதைச் சாராதது, பெட்டி மாறாமல் இருக்கிறது என்று சிக்மாக் கணக்கு எடுத்துக்கொள்ளும். நம்பாத பெட்டிக்கு நினைவு உண்டு, முந்தைய சுற்றுகளைப் பார்த்துத் தன் உத்தியை மாற்றும். அதனால் ஜெயித்த சுற்றுகளை எண்ணுங்கள். நினைவு இருந்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் 75 சதவீதத்தைத் தாண்ட முடியாது. எனவே 0.75 நிகழ்தகவு கொண்ட ஈருறுப்புப் பரவலின் வால் பகுதியை (இத்தனை வெற்றியோ அதற்கு மேலோ அதிர்ஷ்டத்தில் வரும் வாய்ப்பை) எடுத்தால் போதும், அது நினைவுள்ள பெட்டிக்கும் செல்லும்.

உதாரணம் டெல்ஃப்ட்: 245 சுற்றில் 196 வெற்றி, சரியாக 80 சதவீதம். ஈருறுப்பு வால் 0.039. ஹாஃப்டிங் சூத்திரத்தை, அதாவது இ^(−2 × சுற்று × மிகை²) என்பதைப் (மிகை என்பது வெற்றி விகிதம் 0.75ஐத் தாண்டிய அளவு) போட்டால் 0.29 வரும், அது தளர்வான எல்லை, சின்னத் தரவுக்கு உதவாது. அதே 80 சதவீதம் 3,000 சுற்றில் வந்தால் ஹாஃப்டிங்கே ஒரு கோடியில் மூன்று என்று சொல்லிவிடும்.

சுற்று எண்ணிக்கையை முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். நன்றாக வரும்போது நிறுத்துவது கூடாது. நடுவில் கரண்ட் போய், யூபிஎஸ் மாறும்போது நேரப் பதிவி (க்ளிக் விழும் நேரத்தைக் குறிக்கும் கருவி) ஒரு கணம் தடுமாறினால், அந்தப் பகுதியைத் தள்ளுவதா வைப்பதா என்ற விதியும் முன்பே இருக்க வேண்டும். முடிவைப் பார்த்துவிட்டுத் தள்ளினால் அதுவும் ஜோடியை மட்டும் எண்ணுவதற்குச் சமம்தான்.

#12 காட்பாடி_லேப்

இவ்வளவும் சரியாகச் செய்து ஒரு எஸ் கிடைத்துவிட்டது என்று வையுங்கள். அதிலிருந்து என்ன சொல்லலாம்?

#13 ஆரணி_பட்டு

மூன்று விதமாகச் சொல்லலாம்.

உள்ளே என்ன நிலை இருக்கிறது என்று சொல்லலாம். எஸ் 2.828ஐத் தொட்டால், உள்ளே பின்னிய க்யூபிட் (குவாண்டம் பிட்) ஜோடியும் அதற்குரிய அளவைகளும்தான் இருக்க முடியும், வேறு எதுவும் இருக்க முடியாது. மேயர்ஸும் யாவும் 1998இல் தொடங்கிவைத்த எண்ணம் இது. எஸ் அதைவிடக் குறைந்தாலும், உள்ளே உள்ள நிலை முழுப் பின்னலோடு எவ்வளவு பொருந்தும் என்பதற்கு ஒரு கீழெல்லை உண்டு: 2016இல் கனியெவ்ஸ்கி கொடுத்தது, எஸ் 2.106க்கு மேல் போனால்தான் பேச்சே தொடங்கும், அங்கிருந்து 2.828 வரை அந்தப் பொருத்தம் நேர்கோட்டில் பாதியிலிருந்து 1க்கு ஏறும். 2.61 ஓட்டையில்லாமல் வந்திருந்தால் முழுப் பின்னலோடு குறைந்தது 0.85 பொருத்தம்.

ரேண்டம் எவ்வளவு என்று சொல்லலாம். சுற்றுக்கு எத்தனை பிட்: 1 − மடக்கை₂(1 + √(2 − எஸ்²/4)). எஸ் 2 என்றால் பூஜ்யம், 2.4 என்றால் 0.19, 2.7 என்றால் 0.49, 2.828 என்றால் 1. 2010இல் இரண்டு இட்டர்பியம் அயனிகளை ஒரு மீட்டர் தள்ளி வைத்து 3,016 சுற்றில் 42 புதிய ரேண்டம் பிட் எடுத்தார்கள். 42 என்றால் கை விரலில் எண்ணுகிற மாதிரி இருக்கலாம், ஆனால் பெட்டியை நம்பாமல் சான்று பெற்ற முதல் பிட்டுகள் அவை. 2018இல் போல்டரில் போட்டானை வைத்து 1,024 பிட் எடுத்தார்கள்.

இருவர் மட்டும் அறியும் ரகசியச் சாவி எவ்வளவு எடுக்கலாம் என்றும் சொல்லலாம். 2022இல் ஆக்ஸ்ஃபோர்டில் 2 மீட்டர் தள்ளிய ஸ்ட்ரான்ஷியம் அயனிகள்: எஸ் 2.677, பிழை 1.44 சதவீதம், சுமார் எட்டு மணி நேரத்தில் 15 லட்சம் ஜோடியிலிருந்து 95,628 பிட் சாவி. அதே ஆண்டு மியூனிக்கில் 400 மீட்டர் இடைவெளியில் ரூபிடியம் அணுக்கள். பிழை 7.1 சதவீதத்தைத் தொட்டால் அடிப்படை நெறிமுறையில் சாவி பூஜ்யமாகிவிடும்.

வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் இப்போதைக்கு இது நடைமுறை இல்லை. டிடெக்டரை மட்டும் நம்ப வேண்டாம் என்று வைக்கும் முறை ஒன்று 2012இல் வந்தது. லோ, கர்ட்டி, சீ மூவரும் கொடுத்தது. இரு பக்கமும் ஒளியை அனுப்ப மட்டும் செய்யும், அளப்பது நடுவில் யாரோ. அது இன்று வாங்கக்கூடிய தூரத்தில் இருக்கிறது. 2010இல் பலமான ஒளி அடித்து டிடெக்டரைக் குருடாக்கி, விற்பனையில் இருந்த குவாண்டம் சாவிக் கருவிகளையே உடைத்துக் காட்டினார்கள். ஓட்டைகள் பெரும்பாலும் டிடெக்டரில்தான், எனவே அந்த ஒன்றை நம்பாமல் விடுவதே பெரிய லாபம்.

#14 குடியாத்தம்_மாணவி

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் குவாண்டம் கணினியில் இரண்டு க்யூபிட்டில் இதே சோதனையைச் செய்தால் 2.6, 2.7 என்று வருகிறதே. அது கணக்கில் சேருமா?

#15 பாலாற்றங்கரை

சேராது. இரண்டு கேள்வியும் ஒரே கட்டுப்பாட்டுக் கணினிக்கு ஒரே கோப்பில் போகின்றன. இரண்டு அறை என்பதே அங்கு இல்லை. அந்தக் கணினி மனது வைத்தால் 4 கூடக் காட்டும்.

ஒரே பெட்டியைச் சோதிக்க வேறு வழி ஒன்று 2018இல் வந்தது. மகாதேவும் மற்றவர்களும் கொடுத்தது, இடைவெளிக்குப் பதில் மறையாக்கத்தை வைக்கிறது. ஒரு விடைக்கு இரண்டு மூலம் (அந்த விடையைத் தரும் உள்ளீடு) கொண்ட சார்பை நாம் அனுப்புகிறோம், விடையிலிருந்து மூலங்களைக் கண்டுபிடிக்கும் கள்ளச் சாவி நம்மிடம். பெட்டி விடையைச் சொல்லி உறுதிப்படுத்திய பிறகு, "ஒரு மூலத்தைக் காட்டு" அல்லது "இரண்டு மூலத்தையும் சேர்த்த ஒரு சமன்பாட்டைக் காட்டு" என்று இரண்டில் ஒன்றைக் கேட்கிறோம். குவாண்டம் பெட்டி எதைக் கேட்டாலும் சொல்லும். சாதாரணப் பெட்டி இரண்டுக்கும் தயாராக இருந்தால் மறையாக்கத்தையே உடைத்ததாகிவிடும். பிழையோடு கற்றல் என்ற கணக்கு கடினம் என்பதை மட்டும் நம்புகிறோம், கருவியை நம்பவில்லை. சிறு அளவில் அயனிப் பொறியில் செய்து காட்டியிருக்கிறார்கள், ஆனால் அந்த அளவைச் சாதாரணக் கணினி எளிதில் உடைத்துவிடும். நிஜமான பாதுகாப்பு அளவுக்கு இன்றைய சிப்புகளின் பிழை அனுமதிக்காது.

#16 சிப்காட்_சோதனையாளர்

கொள்முதலுக்குத் திரும்புவோம். டெண்டரில் இவை எழுத்தில் இருக்கட்டும்:

ஒவ்வொரு க்ளிக்கின் நேரமும் கச்சாத் தரவாக, வடிகட்டாமல், கழிக்காமல் வெளியே வர வேண்டும். வெறும் ஜோடி எண்ணிக்கை மட்டும் தரும் கருவி வேண்டாம். அதில் எதையும் பிறகு சரிபார்க்க முடியாது. கோணத்தை வெளியிலிருந்து நாம் தரும் பிட்டால் மாற்ற வழி வேண்டும். இரு பக்கத் திறனையும் தனித்தனியே அளக்க வேண்டும்: ஜோடி எண்ணிக்கையை மறுபக்க எண்ணிக்கையால் வகுத்தால் போதும், அதற்குத் தனிக் கருவி தேவையில்லை. ரேண்டம் பெட்டிக்கு, உள்ளே உள்ள மூலத்தின் கச்சா வெளியீடு ஹேஷ் செய்வதற்கு முன் கிடைக்க வேண்டும். அது நம்பாமல் சோதிப்பது ஆகாது, ஆனால் மூலம் செத்துப்போனதைக் கண்டுபிடிக்கலாம். ஹேஷ் செய்த பிறகு செத்த மூலமும் உயிருள்ள மூலமும் ஒரே மாதிரிதான் தெரியும்.

#17 காட்பாடி_லேப்

எழுதிக்கொண்டேன் சார். கடைசியாக ஒன்று. எங்கள் வளாகத்தில் இரண்டு பிளாக்குக்கு நடுவே சுமார் 300 மீட்டர். ஒரு பக்கத்தை அங்கே, மறுபக்கத்தை இங்கே வைத்து, பேசிக்கொள்ள முடியாத தூரத்தை நிஜமாகவே செய்ய முடியுமா?

#18 சிப்காட்_சோதனையாளர்

300 மீட்டர் என்றால் ஒளிக்கு 1 மைக்ரோ நொடி. கேள்வி பிறந்ததிலிருந்து பதில் பதிவாகும்வரை அதற்குள் முடிய வேண்டும். மோட்டார் சுற்றும் அரை அலைத் தகடு அதற்கு ஆகாது, ஒரு கோணம் திரும்பவே நொடிக் கணக்கு ஆகும். பாக்கல்ஸ் செல் (மின்னழுத்தத்தால் துருவத்தை மிக வேகமாகத் திருப்பும் படிகம்) வேண்டும், கூடவே கிலோவோல்ட் அளவில் வேக டிரைவர். கேள்வி பிட்டும் அந்த மைக்ரோ நொடிக்குள்ளேயே அந்தந்த பிளாக்கில் பிறக்க வேண்டும். முன்கூட்டிச் சேர்த்து வைத்த கோப்பு செல்லாது.

மூலத்தை நடுவில் வைத்து இரு பக்கமும் 150 மீட்டர் இழை. 810 நானோமீட்டரில் கிலோமீட்டருக்கு சுமார் 3 டெசிபல் இழப்பு, ஆக ஒரு பக்கத்தில் 10 சதவீதம் போகும். உங்கள் 52 சதவீதம் 47 ஆகும், மௌனத்தை எண்ணினால் எஸ் 2க்கு வெகு கீழே. ஆகவே தூரத்தின் ஓட்டையை அடைக்கலாம், திறனின் ஓட்டை திறந்தே இருக்கும். அப்படியே எழுதி வையுங்கள், அதுவும் மதிப்புள்ள சோதனைதான். இழை மரத்தடியில் தொங்கினால் காற்றிலும் வெயிலிலும் துருவம் சுழன்றுகொண்டே இருக்கும். பூமிக்கடியில் குழாயில் விடுங்கள், கால் மணிக்கொரு முறை 0, 45 தெளிவைச் சரிபாருங்கள். அந்தச் சரிபார்ப்பு எப்போது நடக்கும் என்பதும் முன்பே எழுதிய அட்டவணையில் இருக்க வேண்டும், தெளிவு விழுந்ததைப் பார்த்துவிட்டு நடத்துவது அல்ல.

இரண்டு பிளாக்கின் நேரப் பதிவியையும் ஒரு கேபிளால் இணைத்துக் கடிகாரத்தை ஒத்திசைக்கத் தோன்றும். அந்தக் கேபிளே இரண்டு பெட்டியும் பேசிக்கொள்ளும் வழி. நடுவிலிருந்து இரு பக்கமும் ஒரே திசையில் மட்டும் போகும் இழையில் கடிகாரத் துடிப்பை அனுப்பி, ஒவ்வொரு இழையிலும் ஒளி ஐசோலேட்டர் ஒன்று போடுங்கள். அந்த ஐசோலேட்டரை வேறு கடையில் வாங்குங்கள்.